பியர்க்கடைக்கு ஒரு நற்சான்றிதழ்

1

நூலகத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். எதிரே பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்த பெரியவர் கண்ணாடியைத் தாழ்த்திப் பார்த்தார். மன்னிப்புக் கேட்டுவிட்டு அதே பக்கத்தை மறுபடி வாசித்தேன்.

1552ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு சட்டம் வந்திருக்கிறது. அதன் பிறகு ஊரில் பியர் விற்க நினைப்பவன் தன் இஷ்டத்துக்கு விற்க முடியாது. இரண்டு சமாதான நீதவான்கள் அவனை ஏற்றுக்கொள்ள வேண்டும். என் வீட்டில் சண்டை, சூது எதுவும் நடக்கவிடமாட்டேன் என்று அவன் எழுதிக் கொடுக்க வேண்டும். அதோடு அவனுக்காக அயலவர்களும் பிணை நிற்க வேண்டும். பெரும்பாலும் இரண்டு பேர்.

மட்டக்களப்பில் பிறந்தவளுக்கு ஆள்பிணை என்றால் படைமுகாம் வாசல்தான் ஞாபகம் வரும். அது எங்களுக்கென்றே எங்கள் நாட்டில் யாரோ உட்கார்ந்து யோசித்த ஏற்பாடு என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். பார்த்தால், நானூற்றுச் சொச்சம் வருடத்துக்கு முன்பே இங்கே பியர்க்கடைக்காரனுக்கு அதைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வராமல் என்ன வரும்?

இதை ஊரில் இருக்கிறவர்களுக்கு எழுத வேண்டும் என்ற எண்ணம் அந்த நிமிடத்தில்தான் வந்தது. நான் கணக்கியல் படிக்க வந்தவள். அதற்கு முன் ஒரு வருடம் உயிரியல், அதற்கும் முன் ஆறு மாதம் கணினி. அன்று நூலகத்துக்குப் போனதும் படிக்க அல்ல. அத்தான் கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் தேடிப் போனேன்.

2

அக்கா, அத்தான், அவர்களுடைய மகள் தர்சினி, நான். நாலு பேரும் இருப்பது கிழக்கு இங்கிலாந்தின் ஒரு சிறு கிராமத்தில். ஊர் பாய் விரித்த மாதிரித் தட்டை. அறுவடைக்கு முன் ஜன்னலால் பார்த்தால் எங்கள் ஊரான மண்டூரின் நெல்வட்டை மாதிரியே வயல் கண்ணெட்டிய தூரத்துக்குக் கிடக்கும். நெல்லுக்குப் பதில் கோதுமை, அவ்வளவுதான். ஊருக்கு ஒரு தேவாலயம், ஒரு தபாற்கந்தோர், ஒரு பப். பப்பின் பெயர் 'கலப்பை'. வாசலில் தொங்கும் பலகையில் பெரிய இரும்புக் கலப்பை ஒன்று வரைந்திருக்கிறது. "இதால உழச் சொன்னா நம்மட மாடு ரெண்டும் கடுதாசி எழுதி வெச்சிட்டு ஓடிரும்" என்பார் அத்தான்.

அந்தக் கலப்பைக்கு மேல்மாடியில்தான் எங்கள் வீடு. ஆறு வருடத்துக்கு முன் அத்தான் இங்கே பாத்திரம் கழுவ வந்தார். பிறகு சமையல். பிறகு அக்காவும் சேர்ந்தா. வியாழக்கிழமை அக்காவின் கோழிக்கறிக்குப் பக்கத்து ஊரிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். கடையின் லைசென்ஸ் டெனிஸ் என்ற மனிதரின் பேரில் இருந்தது. மனைவி இல்லாதவர், முதுகு வருத்தக்காரர். வருகிற கோடையில் கடற்கரையில் இருக்கும் மகளிடம் போய்விடப் போவதாகத் தைமாதத்தில் சொன்னார். "நீ எடுத்துக்கொள். வேறு யாருக்கும் இந்த அடுப்பின் குணம் தெரியாது" என்று அத்தானிடம் சொன்னார்.

சிக்கல் என்னவென்றால், இங்கே லைசென்ஸ் கட்டிடத்துக்கு மட்டுமல்ல, ஆளுக்கும்தான். டெனிஸ் போனால் அந்த இடத்துக்கு இன்னொரு பெயரை நீதவான்கள் ஏற்க வேண்டும். கட்டிடம் ஒரு பியர்க் கொம்பனிக்குச் சொந்தம். நீதவான்களின் சித்திரை அமர்வில் பெயர் மாறாவிட்டால் கடையை மூடி, குடியிருக்கும் வீடாக விற்றுவிடுவோம் என்று கொம்பனி எழுதிவிட்டது. அப்படி நடந்தால் ஒரே நாளில் வேலையும் போகும், வீடும் போகும், தர்சினி மாணவத்தலைவியாகப் போகிற பள்ளிக்கூடமும் போகும்.

அத்தான் விண்ணப்பித்தார். பொலிஸிடமிருந்து ஒரு விபரப் படிவம் வந்தது, நிரப்பி அனுப்பினார். பிறகு ஒரு கடிதம். சார்ஜன்ட் ஒருவர் நேரில் வந்து விசாரிப்பாராம். அதை மேசையில் வைத்துவிட்டு அத்தான் என்னைக் கேட்டார்:

"மச்சாள், நீ படிச்ச ஆள். சாராயக் கடைக்கு என்னத்துக்கு நல்லவன் எண்டு சேட்டிபிக்கற்? நல்லவன் என்னத்துக்கு இஞ்ச வாறான்?"

நல்ல கேள்வி. அதுதான் என்னை நூலகத்துக்கு அனுப்பியது.

பதில் சுருக்கமாக இது. ஏழைகள் கூடிப் பேசும் இடம் பியர்க்கடை. கூடிப் பேசுகிற இடத்தை எந்த அரசும் தன் பாட்டுக்கு விடாது. கள்ளர் தங்குவார்கள், வேலையாட்கள் கெட்டுப்போவார்கள், தேவாலய நேரத்தில் ஆட்கள் இங்கே உட்கார்ந்திருப்பார்கள் என்றெல்லாம் காரணம் சொல்லியிருக்கிறார்கள். 1753இல் இன்னும் இறுக்கினார்கள். புதிதாகக் கடை வைக்கிறவன் ஊர்ப் பாதிரியாரிடமோ நாலு மதிப்பான குடும்பஸ்தரிடமோ சான்று வாங்கிவர வேண்டும். நல்ல பேர் உள்ளவன், நிதானமாக வாழ்கிறவன் என்று அதில் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் எழுதுவினைஞர் ஒரு பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். 1830இல் யாருக்கோ ஞானம் பிறந்து, பியர் மட்டும் விற்கிற வீடுகளுக்கு நீதவானே வேண்டாம், தீர்வையைக் கட்டினால் போதும் என்றார்கள். ஊர் ஊராக முன்னறைகள் எல்லாம் கடையாகின. 1869இல் மறுபடி நீதவானிடமே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள்.

இலங்கையில் சமாதான நீதவான் என்றால் வாசலில் பெயர்ப்பலகை போட்டுக்கொண்டு, போட்டோக் கொப்பியில் முத்திரை குத்தித் தருகிற பெரியவர். இங்கே அதே பட்டக்காரர்தான் இன்றைக்கும் ஒரு ஊரின் பப் திறப்பதா மூடுவதா என்று முடிவு செய்கிறார். இதை அத்தானுக்குச் சொன்னேன்.

"அப்ப அவருக்கு ரெண்டு இளநி கொண்டுபோகச் சொல்லுறியா?" என்றார்.

3

எங்களுக்கு அமர்த்தப்பட்ட வக்கீல் ஓர் இளம்பெண். பொறுப்பான ஆட்கள் சிலரின் நற்சான்று இருந்தால் உதவும் என்று சொல்லியிருந்தா. அவ நினைத்தது இந்த ஊர்ப் பாதிரியாரை, தர்சினியின் ஆசிரியையை. அத்தானோ அன்று பின்னேரமே நீல நிற வான்கடிதம் மூன்று எடுத்து ஊருக்கு எழுதிவிட்டார். எங்கள் ஆட்கள் மட்டுமே விடக்கூடிய பிழை இது. எங்களுக்கு நற்சான்றிதழ் என்றால் பிறந்து வளர்ந்த இடத்திலிருந்து வர வேண்டும், முத்திரையோடு வர வேண்டும். நேற்றுப் பார்த்தவன் தருகிற சான்று ஒரு சான்றா?

ஏழு கிழமை கழித்து மூன்று பதிலும் ஒரே நாளில் வந்தன. ஒன்று ஓய்வுபெற்ற அதிபருடையது. ஒன்று கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கருடையது. மற்றது கிராம சேவகருடையது, எங்கள் வாயில் இன்றைக்கும் அவர் விதானையார்தான். மொழிபெயர்ப்பது என் வேலை. சமையலறை மேசையில் வைத்து வண்ணக்கருடைய கடிதத்தை உரத்து வாசித்தேன். சிறுவயது முதல் மதுவை முகர்ந்தும் அறியாதவர், தவறணை இருக்கும் பக்கம் தலைவைத்தும் படுக்காதவர் என்று எழுதியிருந்தார். தவறணை என்றால் எங்கள் பக்கத்தில் கள்ளுக்கடை.

"இத வெச்சா பப்புக்கு லைசென்ஸ் கேக்கப் போறீங்க?" என்றேன்.

அக்காவுக்குப் பிடிக்கவில்லை. "ஏன், நல்லாத்தானே எழுதியிரிக்கார். குடிகாரன் எண்டு எழுதி அனுப்பச் சொல்லுறியா கா?"

"அத்தான் இப்ப தவறணைக்கு மேலதான் தலவெச்சிப் படுக்கிறார், அக்கா."

அத்தான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். தலை நிமிராமல், "என்ட தலமாட்டுக்கு நேர கீழதான் பீப்பா இரிக்கு" என்றார்.

"நீங்க என்ன கடையெண்டு எழுதினீங்க?"

"சாப்பாட்டுக் கடையெண்டு எழுதினன். பொய்யில்லதானே?"

மூவரும் சிரித்தோம். நான் விசயம் தெரிந்தவள் மாதிரி, இது பிழையே இல்லை, 1753ஆம் ஆண்டுக்காரன் எதிர்பார்த்ததும் இதே கடிதத்தைத்தான் என்று விளங்கப்படுத்தினேன். அந்தச் சந்தோசத்தோடு விதானையாரின் கடிதத்தைப் பிரித்தேன். அதுவும் அப்படித்தான் தொடங்கியது. நடுவில் ஒரு வசனம் இருந்தது. மேற்படியார் 1986இல் சுற்றிவளைப்பின்போது கொண்டுசெல்லப்பட்டு, நான்கு மாதம் முகாமில் வைத்து விசாரிக்கப்பட்டு, குற்றம் எதுவும் காணப்படாமல் இருவரின் ஆள்பிணையில் விடுவிக்கப்பட்டவர் என்பதை மகிழ்ச்சியுடன் அறியத்தருகிறேன்.

வெங்காயம் உரிக்கும் கை நின்றது.

விதானையாரில் பிழை சொல்ல முடியாது. அவரைப் பொறுத்தவரை ஒரு மனிதனுக்குக் கொடுக்கக்கூடிய ஆகப் பெரிய சான்று அதுதான். நான்கு மாதம் தோண்டிப் பார்த்தும் ஒன்றும் அகப்படாத ஆள். ஆனால் எனக்குப் பொலிஸ் படிவம் ஞாபகம் வந்தது. மேசை லாச்சியிலிருந்து அதன் பிரதியை எடுத்துப் பார்த்தேன். ஒன்பதாவது கேள்வி. எந்த நாட்டிலாவது கைது செய்யப்பட்டோ தடுத்துவைக்கப்பட்டோ இருந்தீர்களா? 'இல்லை' என்ற பெட்டியில் சரி அடையாளம். அடையாளத்துக்குப் பக்கத்தில் மற்றப் பதில்களில் இருந்த அதே உருண்டைக் கையெழுத்து.

எங்கள் வீட்டில் படிவங்களை நிரப்புவது தர்சினி. அத்தானின் ஆங்கிலம் கறிக்கும் காலநிலைக்கும் காணும், படிவத்துக்குக் காணாது. பத்து வயதுக்காரி கால்மேல் கால் போட்டுக்கொண்டு இருப்பாள், கேள்வியை வாசிப்பாள், தன் பாதித் தமிழில் திருப்பிச் சொல்லுவாள், அப்பா சொல்லச் சொல்லக் கோடு போடுவாள்.

"ஏன் அத்தான் இல்லயெண்டு சொன்னீங்க?"

"புள்ள பேனயோட என்ட முகத்தப் பாத்துக்கிட்டு இரிந்தது, மச்சாள்."

அத்தான் முகாமில் இருந்தபோது தர்சினிக்கு இரண்டு வயது. அப்பா கொழும்பில் வேலை செய்தார் என்று அவளுக்குச் சொல்லியிருந்தோம். பிறகு யாரும் அதைத் திருத்தவில்லை.

4

அந்த 1986இல் எனக்குப் பதினாறு. அத்தானின் ஊர் வாவிக்கு அந்தப் பக்கம், செட்டிபாளையம். கலியாணம் முடித்து எங்கள் வீட்டோடு வந்திருந்தார். ஒரு நாள் விடிய படையினர் ஊரைச் சுற்றி வளைத்து, ஆண்கள் எல்லாரையும் பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையாக விட்டார்கள். முகத்தை மூடிய ஒருவன் வாகனத்துக்குள் இருந்தான், தலையாட்டி என்போம். யாரைப் பார்த்து அவன் தலை ஆடியதோ அவர்களை ஏற்றினார்கள். அத்தானோடு ஆறு பேர்.

நான்கு மாதம் கழித்து முகாம் அதிகாரி எங்கள் அப்பாவிடம் சொன்னார்: இரண்டு பேர் பிணை நிற்க வேண்டும். உறவாக இருக்கக் கூடாது. அரசாங்க உத்தியோகமோ அரசாங்கக் கடதாசியோ உள்ள ஆட்களாக இருக்க வேண்டும். ஆள் ஓடினால் அவர்கள் உள்ளே வர வேண்டும்.

அப்பா முதலில் போனது வண்ணக்கரிடம். அவருக்கு வளர்ந்த ஆண்பிள்ளைகள் இரண்டு பேர். "என்ட ரெண்டு பொடியனையும் ஒருக்கா நினைச்சுப் பாருங்க" என்றாராம். அப்பா நினைத்துப் பார்த்தார், திரும்பி வந்துவிட்டார். ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் சம்மதித்தார். இரண்டாவது ஆள் கிடைக்கவில்லை. ஒரு கிழமை அலைந்தபின் அப்பா வாவிக்கரைத் தவறணைக்குப் போனார்.

தவறணையை நடத்தியவர் சீனித்தம்பி. ஊரில் ஒரு நல்லது கெட்டதுக்கு அவரை முன்னுக்குக் கூப்பிட மாட்டார்கள். பெண்கள் அந்தப் பக்கத்து ஒழுங்கையால் நடக்க மாட்டோம். ஆனால் கச்சேரி, அதாவது மாவட்ட அரசாங்கக் காரியாலயம், கொடுத்த அனுமதிப்பத்திரம் கண்ணாடிச் சட்டம் போட்டு அவருடைய கொட்டிலில் தொங்கியது. எங்கள் ஊரில் அரசாங்க முத்திரையோடு சுவரில் தொங்கிய கடதாசி அது ஒன்றுதான்.

"அண்ணன், நான் குடிகாரனுக்கு ஊத்துறவன். என்ட கையெழுத்த அவனுகள் கொள்ளுவானுகளா?" என்று கேட்டாராம்.

"தெரியா" என்று சொன்னாராம் அப்பா.

சீனித்தம்பி ஆணியோடு சட்டத்தைக் கழற்றி, துவாயில் சுற்றி, சைக்கிளில் கட்டிக்கொண்டு முகாமுக்குப் போனார். அதிகாரி கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார், முத்திரையைப் பார்த்தார், கையெழுத்தை வாங்கினார். அத்தான் வெளியே வந்தார். அதன்பின் ஏறக்குறைய ஒரு வருடம் ஞாயிறு தோறும் முகாமில் போய்ப் புத்தகத்தில் ஒப்பமிட்டார். பிறகு இந்தியப் படை வந்தது, முகாம் கைமாறியது. அந்தப் புத்தகம் எங்கே போனது, பிணை இன்னும் இருக்கிறதா இல்லையா, யாருக்கும் தெரியாது. கேட்கவும் யாரும் போகவில்லை. அந்த இடைவெளியில்தான் அத்தான் கொழும்புக்குப் போய் விமானம் ஏறினார்.

நன்றி சொல்ல அக்கா தவறணைக்குப் போகவில்லை. அப்பா கையில் ஒரு வாழைக்குலை கொடுத்தனுப்பினா. எங்களுக்குத் தெரிந்த முறை அது.

5

சார்ஜன்ட் வருவதற்கு மூன்று நாள் இருந்தது. நான் விதானையாரின் கடிதத்தை இரண்டு விதமாகத் தட்டச்சு செய்தேன். ஒன்றில் அந்த வசனம் இருந்தது, மற்றதில் இல்லை. இரண்டையும் அக்காவின் முன் வைத்தேன். செய்வது சரியா என்று யோசிக்கவில்லை. அவசரக்காரி, செய்துவிட்டேன்.

அக்கா இரண்டையும் பார்த்தா. ஆங்கிலம் வாசிக்கத் தெரியாவிட்டாலும் எது நீளம் என்று தெரியும். இரண்டையும் மடித்து லாச்சிக்குள் வைத்துவிட்டு என்னைக் கேட்டா:

"மண்டூர்ல நம்மட வீடு ஆர்ட பேரில இரிக்கு?"

"உங்கட பேரில."

"அதுக்கு முன்னுக்கு?"

"அம்மாட பேரில."

"அப்ப இதயும் என்ட பேரில எழுதினா என்ன?"

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். ஆண் கலியாணம் முடித்து உடுப்புப் பெட்டியோடு வந்து சேர்வான். அதில் யாருக்கும் குறைச்சல் இல்லை. அத்தானுக்கும் இருக்கவில்லை. "எனக்கு அங்கயும் வந்த மாப்பிள்ளை வேலைதான், இஞ்சயும் அதுதான்" என்றார். வக்கீலுக்குத் தொலைபேசி எடுத்து அவருடைய விண்ணப்பத்தை மீளப் பெற்றோம். அக்காவின் பெயரில் புதிது போட்டோம். அக்காவின் படிவத்தை நான் நிரப்பினேன். ஒன்பதாவது கேள்விக்கு உண்மையாகவே 'இல்லை'.

சார்ஜன்ட் வந்தார். பெரிய உடம்பு, மெல்லிய குரல். அக்கா கொடுத்த வடையை மிகுந்த மரியாதையோடு பாதி தின்றார். கணவர் ஏன் விலகினார் என்று கேட்டார். அத்தான், "மனைவிதான் வீட்டுக்காரி. நான் சமைக்கிறேன்" என்று மனப்பாடம் பண்ணியதைச் சொன்னார். சார்ஜன்ட் குறித்துக்கொண்டார். போகும்போது வாசலில் என்னிடம் மட்டும், இவர்களுக்குள் ஏதும் குடும்பப் பிரச்சினையா என்று விசாரித்தார். இல்லை, நாங்கள் மட்டக்களப்பு என்றேன். அது எந்த விதமான பதில் என்று அவருக்கு விளங்கியிருக்காது.

6

அமர்வுக்கு முந்திய கிழமை மாவட்ட ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். அந்த 1753ஆம் ஆண்டுச் சட்டத்தின் பதிவேடுகளில் சில அங்கே இருக்கின்றன. பென்சில் மட்டும் கொண்டுபோகலாம், கை கழுவ வேண்டும். புத்தகத்தைப் பஞ்சுத் தலையணையில் வைத்துத் தந்தார்கள். வருடத்துக்கு ஒரு தரம் எல்லாக் கடைக்காரரும் வந்து பெயர் கொடுத்திருக்கிறார்கள். ஊர், கடைக்காரர், பிணை நின்றவர், வரிசையாக. பழுப்பு மையில் எங்கள் கலப்பை இருந்தது. இருநூறு வருடத்துக்கு முன் ஒரு குடியானவன் இன்னொருவனுக்காகச் சொன்ன வாக்கை இவர்கள் தலையணையில் வைத்திருக்கிறார்கள்.

சில வருடங்கள் கலப்பைக்கு எதிரே ஒரு பெண்ணின் பெயர். ஆன், பக்கத்தில் விதவை என்று குறிப்பு. பிறகு ஒரு வருடம் அந்தப் பெயர் இல்லை, வேறோர் ஆணின் பெயர் இருந்தது. காப்பகத்தில் இருந்த அம்மா சொன்னா, ஆன் மறுமணம் செய்திருக்கலாம், அந்தக் காலத்தில் புருசன் இருக்கிற பெண்ணுக்குச் சட்டத்தில் தனிப் பேர் இல்லை என்று.

வீட்டுக்கு வந்து சொன்னேன்.

"அப்ப புருசன் செத்தாத்தான் பேரா?" என்று கேட்டா அக்கா.

"இஞ்சேர், லைசென்ஸுக்காகச் சாக ஏலா. சித்திரைக்குள்ள வேற" என்றார் அத்தான்.

7

நீதிமன்றம் பக்கத்தில் உள்ள சந்தைப்பட்டணத்தில். மூன்று நீதவான்கள், நடுவில் ஒரு வெள்ளைத்தலை அம்மா. அக்கா பச்சைச் சேலைக்கு மேல் டெனிஸ் கொடுத்த மழைக்கோட்டைப் போட்டிருந்தா. கழற்ற மறந்துவிட்டா, நானும் சொல்ல மறந்துவிட்டேன். நான் மொழிபெயர்ப்பாளர்.

வயது குறைந்தவர்களுக்கு விற்கலாமா, குடித்தவரை எப்படி வெளியே அனுப்புவது என்றெல்லாம் கேட்டார்கள். அக்கா லைசென்ஸ்காரருக்கான வகுப்புக்குப் போய்ப் படித்ததைச் சொன்னா. பிறகு நடுவில் இருந்த அம்மா, கொஞ்சம் தயங்கி, நீங்கள் குடிப்பதுண்டா என்று கேட்டா.

"சே! நான் வாயிலயும் வைக்கிறல்ல" என்றா அக்கா. நான் அதை அப்படியே சொன்னேன். ஊரிலென்றால் அதோடு விசயம் முடிந்திருக்கும், நூற்றுக்கு நூறு. இங்கே மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"அப்படியானால் பியர் பழுதாகிவிட்டதா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கேள்வியைத் தமிழில் சொன்னேன். அக்கா யோசிக்கவேயில்லை. என்னைப் பார்த்துச் சொன்னா: "கோயில்ல பொங்கிறமே, அதுக்கு ஆராவது உப்புப் பாக்கிறதா? சாமிக்கு வைக்க முன்னம் நாக்கில வைக்க ஏலா. மூக்கால பாக்கிறம், கண்ணால பாக்கிறம். என்ட பொங்கல் ஒருநாளும் பிழைச்சதில்ல எண்டு சொல்லு கா."

சொன்னேன். பொங்கல் என்பதை விளங்கப்படுத்த இரண்டு நிமிடம் போனது. வலப்பக்கம் இருந்த நீதவான், தன் தகப்பனார் நாற்பது வருடம் பியர் வடித்தவர், அவரும் முதலில் மூக்கைத்தான் நம்புவார் என்றார். உள்ளே போனார்கள், பத்து நிமிடத்தில் வந்தார்கள். கொடுத்துவிட்டார்கள்.

வெளியே படியில் டெனிஸ் அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே நின்றார். அத்தான் சட்டைப்பைக்குள் கார் திறப்பைத் தேடுவது மாதிரி முன்னாலே நடந்து போய்விட்டார்.

8

இப்போது ஆவணி. டெனிஸ் போய்விட்டார். கடை நடக்கிறது. வியாழன் கறி இரண்டு சட்டியாகிவிட்டது. எல்லாம் சரி என்று நான் நினைத்திருந்தேன்.

போன கிழமை அத்தான், அடுத்த அமர்வில் தன் பெயரையும் சேர்த்துப் போட வேண்டும் என்றார். சேர்க்க முடியும், இரண்டு பேர் பெயரிலும் ஒரு லைசென்ஸ் இருக்கலாம். அக்கா ஒரு நாள் ஊருக்குப் போக நேர்ந்தால் அது வசதியும்தான். ஆனால் காரணம் அதுவல்ல. "பொலிஸ்காரன் பியர் குடிக்க வரக்குள்ள நான் குசினிக்குள்ள போறன், மச்சாள். அங்க செஞ்ச மாதிரியே இஞ்சயும் செய்யிறன்" என்றார்.

வக்கீலிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவ எழுதிக்கொள்ளாமல் கேட்டா. பழைய படிவத்தில் 'இல்லை' என்று இருக்கிறது, சார்ஜன்டின் கோப்பில் அது கிடக்கும். இனி 'ஆம்' என்று எழுதினால் முன்பு ஏன் பொய் சொன்னாய் என்று கேட்பார்கள். மறுக்கலாம். மனைவிக்குக் கொடுத்ததையும் திரும்பிப் பார்க்கலாம். ஆனாலும் நானாக இருந்தால் விதானையாரின் கடிதத்தை முழுதாக வைத்து 'ஆம்' என்றே எழுதுவேன் என்றா. அக்கா இரண்டு நாள் யோசித்தா. மூன்றாம் நாள், "போடுங்க. ஆனா சரியாப் போடுங்க" என்றா. சீனித்தம்பியிடமும் ஒரு சான்று கேட்டு எழுதச் சொன்னதும் அக்காதான். கடிதம் போய்விட்டது. வாவிக்கரையில் இப்போது தவறணை இருக்கிறதோ, அவர் இருக்கிறாரோ தெரியாது.

புதுப் படிவம் நேற்று வந்தது. நான் பேனையை எடுத்தேன்.

"வேணாம் மச்சாள். தர்சினி நிரப்பட்டும்."

"அவள் கேப்பாளே."

"கேக்கத்தானே வேணும். எனக்கு அத இங்கிலீசில சொல்ல வராது. தமிழ்ல சொன்னா அவளுக்கு விளங்காது. நீ நடுவில இரு."

ஞாயிற்றுக்கிழமை என்று முடிவாகியிருக்கிறது. முதலாம் உலகப் போரில், ஆயுதத் தொழிற்சாலைக்காரர் மத்தியானத்தில் குடித்துவிட்டு வேலையைக் கெடுக்கிறார்கள் என்று பின்னேரத்தில் பப்புகளைப் பூட்டச் சொன்னார்கள். போர் முடிந்தும் அந்தச் சட்டத்தை எடுக்க யாருக்கும் ஞாபகம் வரவில்லை. வார நாட்களுக்கு ஆறு வருடத்துக்கு முன்தான் நீக்கினார்கள், ஞாயிறுக்கு இன்றும் இருக்கிறது. ஆகவே மூன்று மணிக்குக் கதவைப் பூட்டினால் ஏழுக்குத் திறந்தால் போதும்.

சுற்றிவளைப்புக்கும் தலையாட்டிக்கும் பத்து வயதுப் பிள்ளைக்குச் சொல்லக்கூடிய ஆங்கிலம் தேடிக்கொண்டிருக்கிறேன். இரண்டு தாள் எழுதிக் கிழித்தாயிற்று. படிவத்தில் முதல் எட்டுக் கேள்வியும் பெயர், முகவரி, பிறந்த இடம். அவற்றை அப்பாவும் மகளும் தாங்களாகவே முடித்துவிடுவார்கள். ஒன்பதாவதில்தான் நான் வாய் திறக்க வேண்டும்.